மலையிறங்கியதும் வண்டி ஏறுகிறவர்களுக்கு

அன்புள்ள சென்னைவாசிகளே,

நீங்கள் திருப்பதிக்கு வருவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. வந்த வேகத்தில் திரும்புகிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. விடியற்காலை நாலரைக்கு அம்பத்தூரிலோ தி.நகரிலோ வேன் ஏறுகிறீர்கள். வழியில் ஓர் இடத்தில் இட்லி. அலிபிரியில் சோதனை. மேலே முந்நூறு ரூபாய் டிக்கெட் வரிசை, அப்புறம் லட்டு கவுண்டர். கீழே இறங்கினால் திருச்சானூரில் அரை மணி நேரம், அதுவும் ஓட்டுநர் மனது வைத்தால். நள்ளிரவுக்குள் வீடு. மறுநாள் அலுவலகத்தில் லட்டைக் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்து "திருப்பதி போயிட்டு வந்தேன்" என்கிறீர்கள். பெருமாளைச் சேவித்தீர்கள், சந்தோஷம். ஊரை எப்போது பார்த்தீர்கள்?

கேட்பவன் யார் என்று நீங்கள் நினைக்கலாம். நான் சித்தூர் மாவட்டத்துத் தமிழன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் படித்ததும் தெலுங்கு. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது "மதராஸ் மனதே" என்று ஒரு பக்கம் கோஷம் போட்டார்கள். வேங்கடத்தை விட மாட்டோம் என்று மறுபக்கம் ம.பொ.சி.யும் அவர் தோழர்களும் வடக்கெல்லைக்காகப் போராடினார்கள். கடைசியில் 1960 ஏப்ரலில் திருத்தணி உங்கள் பக்கம் வந்தது. திருப்பதியும் சித்தூரும் இந்தப் பக்கமே நின்றுவிட்டன. அந்தக் கணக்கை மறுபடி திறக்க எனக்கு ஆசை இல்லை. ஆனால் வேங்கடம் வேண்டும் என்று உங்கள் தாத்தாக்கள் சிறைக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகளான நீங்களோ வேங்கடத்தின் அடிவாரத்தில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை. எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இன்னொரு உறுத்தலும் உண்டு, அதுதான் இந்த மடலுக்கே காரணம். உங்களில் பலர் ஹம்பிக்குப் போகிறீர்கள். நாலு நாள் லீவு போட்டு, துங்கபத்திரைக் கரையில் அறை எடுத்து, கல் ரதத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் 1565 தலைக்கோட்டைப் போரில் ஹம்பி அழிந்த பிறகு அந்தப் பேரரசு எங்கே போனது? பெனுகொண்டாவுக்குப் போனது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேங்கடபதி ராயர் அங்கிருந்து சந்திரகிரிக்கு வந்தார், பிறகு வேலூரிலும் அரியணை இருந்தது. சந்திரகிரி என்றால் திருப்பதி பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஒரு பேரரசின் தலைநகராக இருந்த ஊர் அது. நீங்கள் லட்டுப் பையோடு வேனில் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

(தலைநகரத்தை மாற்றிக்கொண்டே இருப்பது எங்களுக்குப் பழகிப்போனது. 1953இல் கர்னூல், 1956இல் ஹைதராபாத், இப்போது அமராவதி. ராயர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டோமோ என்னவோ.)

சந்திரகிரி, தோற்று ஓடி வந்தவர்கள் ஒளிந்துகொண்ட இடம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹம்பி உச்சத்தில் இருந்த காலத்திலேயே இந்தக் கோட்டைக்குத் தனி மரியாதை இருந்தது. இங்கே தலைவராக இருந்த சாளுவ நரசிம்மர்தான் 1485இல் விஜயநகர அரியணையையே கைப்பற்றினார். கிருஷ்ணதேவராயர் காலத்தில் அவருடைய தம்பி முறையான அச்சுதராயர் இந்தக் கோட்டையில்தான் காவலில் இருந்தார். 1529இல் அண்ணன் கண்மூடியதும் வெளியே வந்த அச்சுதர் முதலில் போனது ஹம்பிக்கு இல்லை, திருமலைக்கு. பெருமாள் சந்நிதியில் முடிசூடிக்கொண்டு, அப்புறம்தான் தலைநகர் போய்ச் சேர்ந்தார். சிறையிலிருந்து அரியணைக்குப் போன அந்த வழியில்தான் இன்றைக்கு ஆர்.டி.சி. பஸ் ஓடுகிறது.

இனி நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய பகுதி. ஆகஸ்ட் 22 வந்தால் சென்னை தினம் கொண்டாடுகிறீர்கள். மயிலாப்பூரில் நடைப்பயணம், ஜார்ஜ் டவுனில் நடைப்பயணம், பழைய புகைப்படக் கண்காட்சி, பள்ளிகளில் வினாடி வினா. 1639இல் அந்த நாளில் பிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஒரு கடற்கரை மணல்திட்டுக்கு உரிமை வாங்கினார் என்பது உங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். யாரிடம் வாங்கினார்? தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம். அவர் தகப்பனார் சென்னப்ப நாயக்கர் பெயரில்தான் உங்கள் சென்னப்பட்டினம். சரி, அந்த நாயக்கர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? விஜயநகர ராயருக்கு. நாயக்கர் கொடுத்தது மட்டும் போதாது என்று, அடுத்த ராயரான மூன்றாம் ஸ்ரீரங்கரிடமும் கம்பெனிக்காரர்கள் 1645இல் கவுல் என்ற உரிமைப் பத்திரம் வாங்கி உறுதி செய்துகொண்டார்கள். அதற்கடுத்த ஆண்டு வாக்கில் கோல்கொண்டா படை வந்து ராயர்களின் கதையையே முடித்துவிட்டது.

மதராஸுக்கான பத்திரம் சந்திரகிரி ராஜ மகாலில்தான் கையெழுத்தானது என்று எங்கள் ஊரில் சொல்லுவார்கள். கோட்டைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்லி அனுப்புகிறார்கள். முதல் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் நாயக்கர் என்பதால் அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் உங்கள் ஊருக்குச் சட்டப்படி அனுமதி தந்த அதிகாரம் இந்தப் பக்கத்து அரசவையிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. வீடு வாங்கினால் மூலப் பத்திரம் எங்கே என்று முதலில் தேடுகிற ஆட்கள் நீங்கள். நகரத்தின் மூலப் பத்திரத்தைத் தேடி ஒரு தடவையாவது வர வேண்டாமா?

வந்தால் பார்க்க ஒன்றுமில்லாமல் போகாது. வழியெல்லாம் பெரிய பெரிய கல்லை அடுக்கிய கோட்டைச் சுவர், பின்னால் கறுத்த பாறைக் குன்று, அதன் அடியில் ராஜ மகால். மூன்று தளம். கல், செங்கல், சுண்ணாம்பு, சுதை ஆகியவற்றால் கட்டியது, மரமே பயன்படுத்தவில்லை. வளைவுகளைப் பார்த்தால் சுல்தான்களின் கட்டடம் போல இருக்கும், நிமிர்ந்து மேலே பார்த்தால் கோயில் விமானம் மாதிரிக் கோபுரங்கள் நிற்கும். எதிரிகளாய் இருந்தவர்களின் கலையையும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்ட அரசு அது. உள்ளே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. கற்சிற்பங்கள், வெண்கலப் படிமங்கள், ஆயுதங்கள் வைத்திருக்கிறார்கள். நடு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். பக்கத்தில் ராணி மகால் இருக்கிறது, இரண்டு தளம். பெயர்தான் ராணி மகால். கீழ்த்தளத்தைப் பார்த்தால் குதிரை லாயமோ என்று தோன்றும். எந்த ராணியும் அங்கே இருந்திருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கட்டபொம்மன் திருச்செந்தூர் மணியோசை கேட்ட பிறகுதான் சாப்பிடுவார் என்ற கதை உங்களுக்குத் தெரியும். அதே கதை இங்கேயும் உண்டு. திருமலையில் நைவேத்தியம் ஆனதும் மணி அடிக்கும், அது சந்திரகிரியில் கேட்டதும் ராயர் இலையில் உட்காருவார் என்பார்கள். மலையும் அரண்மனையும் எவ்வளவு கிட்டத்தில் இருந்து பழகியிருக்கின்றன என்பது அந்தக் கதையைக் கேட்டால் புரிகிறது. நீங்கள் மலையை மட்டும் பார்த்துவிட்டு அரண்மனையை விட்டுவிடுகிறீர்கள்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் வில்லிவாக்கத்தில்தான் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

முதல் காரணம், "பெருமாளைப் பார்த்துட்டா வேற எங்கேயும் போகக்கூடாது, நேரா வீட்டுக்குத்தான் போகணும்." பாட்டி சொன்னது, மறுக்க வேண்டாம். அப்படியானால் சந்திரகிரியை மலைக்கு முன்னால் வையுங்கள். பாட்டிக்கும் குறையில்லை, உங்களுக்கும் குறையில்லை. காளஹஸ்திக்குப் போனாலும் நேரே வீடு என்பார்கள். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் அது, கண்ணப்பர் கண்ணை அப்பிய மலை. அதைத் தனிப் பயணமாகவே வைத்துக்கொள்ளுங்கள், அவசரமாகப் பார்க்கிற கோயில் இல்லை. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அதன் ராஜகோபுரம் 2010 மே மாதத்தில் இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது புதிதாகக் கட்டியது. பழையதை அண்ணாந்து பார்க்காமல் விட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இனி இல்லை.

இரண்டாவது காரணம் லீவு. ஒரு ராத்திரி, அவ்வளவுதான் கேட்கிறேன். சனிக்கிழமை காலை சென்ட்ரலில் சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் திருப்பதி. அறையில் பையை வைத்துவிட்டுச் சந்திரகிரி கிளம்புங்கள். போகும் வழியிலேயே சீனிவாச மங்காபுரத்தில் கல்யாண வேங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. திருமணத்துக்குப் பிறகு பத்மாவதித் தாயாருடன் பெருமாள் தங்கிய இடம் என்று ஐதிகம். மலையில் நகரு நகரு என்று தள்ளுகிறார்களே, இங்கே அதே பெருமாளை நின்று நிதானமாகச் சேவிக்கலாம். அங்கிருந்து கோட்டை. மாலையில் திரும்பி வந்து ஊர் நடுவிலிருக்கும் கோவிந்தராஜர் கோயில். 1130 வாக்கில் ராமானுஜர் இங்கே பிரதிஷ்டை செய்வித்தார், அதைச் சுற்றித்தான் இந்த ஊரே வளர்ந்தது என்பார்கள்.

மறுநாள் மலை. கால் நன்றாக இருப்பவர்கள் அலிபிரிக்குப் பதிலாக ஸ்ரீவாரி மெட்டு வழியாக ஏறிப் பாருங்கள். மங்காபுரத்துப் பக்கமிருந்து தொடங்கும் படிகள், தூரம் குறைவு, ஏற்றம் செங்குத்து. சந்திரகிரியிலிருந்து மலைக்குக் கிட்டத்து வழி அதுதான். ராயர்கள் அந்தப் பக்கமாகத்தான் ஏறினார்கள் என்று இங்கே சொல்லிக்கொள்வது உண்டு. மேலே போனதும் வரிசையில் நிற்கும் நேரத்தில் செல்போனைப் பார்க்க முடியாது, வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்போது சுவரைப் பாருங்கள். அந்தக் கோயிலில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள், மிகப் பெரும்பாலானவை தமிழில். வெள்ளியில் போக ஸ்ரீநிவாசர் படிமம் செய்து கொடுத்த பல்லவ அரசி சாமவையின் கொடை உட்பட. வாசலுக்குள் நுழைந்ததும் கிருஷ்ணதேவராயர் இரண்டு தேவியரோடு வெண்கலத்தில் கைகூப்பி நிற்கிறார். நீங்கள் அவரைத் தாண்டித்தான் ஓடுகிறீர்கள்.

மூன்றாவது காரணம்தான் என்னை உண்மையில் கோபப்படுத்துவது. "அங்கே வேற என்ன இருக்கு?" குடிமல்லம் என்று ஓர் ஊர் இருக்கிறது, ரேணிகுண்டா தாண்டி ஏர்ப்பேடு பக்கம். வயல்களுக்கு நடுவில், தூங்கானை மாடமாகக் கட்டிய கருவறையில், ஐந்தடி உயர லிங்கம். அந்த லிங்கத்தின் முன்பக்கத்தில் ஒரு குள்ளனின் தோள்மேல் சிவன் நிற்கிறார், வேட்டைக்காரனைப் போல, ஒரு கையில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு. கிறிஸ்து பிறப்பதற்கும் நூறு இருநூறு ஆண்டுகள் முன்பு செய்தது என்கிறார்கள் அறிஞர்கள் பலர். மாமல்லபுரத்தில் முதல் பாறையைக் குடைந்ததற்கு எத்தனை நூற்றாண்டுக்கு முந்தையது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றிலும் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு. கூட்டம் கிடையாது, டோக்கன் கிடையாது. உலகத்தில் எந்த நாட்டில் இருந்தாலும் அதற்காகவே விமானம் ஏறிப் போவீர்கள், இங்கே இருப்பதால் ரேணிகுண்டாவில் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறீர்கள்.

காரில் வருகிறவர்களுக்கு இன்னும் வசதி. ஊத்துக்கோட்டை வழியாக வாருங்கள். எல்லையைத் தாண்டியதும் சுருட்டப்பள்ளி, சிவன் அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் கோயில். அடுத்து நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாவின் பெயரில் எழுப்பிய ஊர், வேதநாராயணர் கோயில். பங்குனியில் மூன்று நாள் மாலைச் சூரியன் மூலவர் மேல் விழும். புத்தூர் கட்டுக்காக மட்டும் உங்களுக்குத் தெரிந்த புத்தூரின் பக்கத்தில்தான் நாராயணவனம், பத்மாவதித் தாயார் பிறந்த ஊர் என்கிறது புராணம். மழைக்காலமான நவம்பர், டிசம்பரில் வந்தால் கபில தீர்த்தத்தில் தண்ணீர் கொட்டும், தலகோனாவில் 270 அடி உயரத்திலிருந்து விழும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் தயவு செய்து வேண்டாம், பிள்ளைகளுக்கு லீவு என்று அந்த வெயிலில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து வாடிப்போகிறீர்கள். ஜூனில் வந்தால் ஒரே ஒரு ஆதாயம், தாமலசெருவு மண்டியில் மாம்பழம்.

வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ராஜ மகால் சுவரில் ஆணியால் கீறிய பெயர்கள் எல்லா மொழியிலும் இருக்கின்றன. தெலுங்கில் கீறியவர்களை நாங்கள் திட்டிக்கொள்கிறோம். தமிழில் கீறியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு மடங்கு வலிக்கிறது, நம்ம ஆட்கள் என்று மற்றவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். புல்தரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுங்கள், தட்டை எடுத்துப் போய்விடுங்கள். ஆட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் அதட்டாதீர்கள். இங்கே பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், "அண்ணா" என்று கூப்பிட்டால் எல்லாருக்கும் புரியும். பெண் பிள்ளைக்குக் கொலுவில் வைக்க மரப்பாச்சி ஜோடி வாங்குவது உங்கள் வீட்டு வழக்கம்தானே, செம்மரத்தில் செதுக்குகிற கைகள் திருப்பதியில் இன்னும் இருக்கின்றன. ரசீதோடு விற்கிற கடையில் வாங்குங்கள். ராத்திரி தங்கினால்தான் இந்தக் கடைக்கெல்லாம் நடந்து போக நேரம் கிடைக்கும். தங்காதவர்கள் விட்டுப்போவது குப்பையும் வாகனப் புகையும்தான், இந்த ஊருக்கு அதனால் ஒரு வேளைச் சோறு கிடைப்பதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். அடுத்த தடவை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "திருப்பதி டிக்கெட் போட்டாச்சு" என்று யாராவது எழுதினால், தரிசனத்துக்கு முந்தைய ராத்திரிக்கு ஓர் அறையும் போடச் சொல்லுங்கள். குடியிருப்புச் சங்கம் வைத்துப் பஸ் பிடிக்கிறவர்கள், பஸ்காரரிடம் பேசும்போதே சந்திரகிரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், எழுதாத இடத்தில் வண்டி நிற்காது. ஆசிரியர்களே, சென்னை தினத்துக்கு எத்தனையோ நிகழ்ச்சி நடத்துகிறீர்கள், அதில் ஒரே ஒரு பஸ்ஸை இந்தப் பக்கம் திருப்புங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ராஜ மகால் மண்டபத்தில் நின்று, தன் ஊருக்கு இடம் கொடுத்த அரசர்கள் இங்கே இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும். வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் தமிழ் பேசுகிற நாங்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமையில் மட்டும் வராதீர்கள், அன்றைக்கு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

இப்படிக்கு,
எல்லைக்கு இந்தப் பக்கத்திலிருந்து,
ஒரு சித்தூர்த் தமிழன்